முதியவர்களின் முழங்கால் வலிக்கு ஒத்தடம்: எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், யாருக்குக் கூடாது?

மேற்கு மாம்பலம் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 74. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட் இல்லாத அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் என்னோடு இருக்கிறார். இரண்டு முழங்கால்களிலும் வலி இருக்கிறது. வலக்காலில் சற்று அதிகம். காலையில் எழுந்ததும் முட்டி மடக்க வராமல் பிடித்துக்கொள்கிறது. நடமாடத் தொடங்கிய கால் மணி நேரத்தில் அந்தப் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. படி இறங்கும்போதுதான் மிகவும் சிரமப்படுகிறார். எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒத்தடமும் கொடுக்கச் சொன்னார். எந்த ஒத்தடம், எவ்வளவு நேரம் என்று கேட்பதற்குள் அடுத்தவரை உள்ளே அழைத்துவிட்டார்கள்.

வெளியூரில் இருக்கும் என் தம்பி ஐஸ் வைக்கச் சொல்கிறான். எதிர்வீட்டு மாமி உப்பு ஒத்தடம்தான் சரி என்கிறார். மருந்துக் கடையில் மின்சாரத்தில் சூடேறும் பை ஒன்றைக் காட்டினார்கள். அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு; பாதத்தில் மதமதப்பு இருப்பதாக அவ்வப்போது சொல்வார். அதனால்தான் எதையும் தொடங்கத் தயங்குகிறேன். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அம்பத்தூர் பிசியோ

வணக்கம் சகோதரி. நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் வலியோடு வரும் முதியவர்களைத்தான் நாள்தோறும் அதிகம் பார்க்கிறேன். நீங்கள் தயங்கியது சரியான தயக்கம். ஒத்தடம் எளிய வைத்தியம் என்பதால் யாரும் அதற்கு முறை சொல்லித் தருவதில்லை.

முதலில் சூடு என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோலில் வைக்கும் சூடு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் நன்றாக இறங்கும். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்ப்பதில்லை. ஆனால் முட்டியைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களை விரித்து, இறுகியிருக்கும் தசையைத் தளர்த்துகிறது. தசைநாரும் மூட்டு உறையும் சற்று இளகிக் கொடுக்கின்றன. வலி உணர்வையும் அது மட்டுப்படுத்துகிறது. தோலிலிருந்து போகும் மற்ற உணர்வுகள் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை ஓரளவு மறிக்கின்றன என்னும் கோட்பாட்டை ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965-இல் முன்வைத்தார்கள். அடிபட்ட இடத்தைக் கை தானாகத் தேய்த்துவிடுகிறதே, அதற்கும் இதுவே விளக்கம்.

ஆகவே உங்கள் அம்மாவுக்கு இருப்பது போன்ற காலைப் பிடிப்புக்குச் சூடு பொருத்தமானது. நிறைய நடந்தோ படி ஏறியோ முட்டி வீங்கிக் கனக்கும் நாளில் ஐஸ் பொருத்தமானது. உங்கள் தம்பி சொல்வதும் மாமி சொல்வதும் வெவ்வேறு நிலைமைகளுக்கு உரியவை. வீக்கம் இருக்கிறதா என்று புறங்கையை முட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். தொடையையும் கெண்டைக்காலையும் விட முட்டி சூடாகத் தெரிந்தால் அன்றைக்குச் சூட்டு ஒத்தடம் வேண்டாம்.

வெந்நீர்ப் பை பயன்படுத்துவதானால், கொதித்த நீரை நேரே ஊற்றக் கூடாது. ஒரு பங்கு கொதித்த நீருக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 53 டிகிரி செல்சியஸ் வரும். இது சாதாரண நாட்களின் கணக்கு. மே மாதத்தில் நம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே 40 டிகிரியைத் தொட்டுவிடும் என்பதால், அதே அளவில் கலந்தால் 60 டிகிரிக்குப் போய்விடும். அப்போது குடத்தில் ஆறவைத்த தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடியைத் திருகுங்கள். கவிழ்த்துப் பார்த்துக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு, தடித்த துவாலையை இரண்டு மடிப்பாகச் சுற்றி வையுங்கள். 15 நிமிடம் போதும். 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துவாலையை விலக்கித் தோலைப் பாருங்கள். லேசாகச் சிவப்பது இயல்பு. திட்டுத்திட்டாகச் சிவந்தாலோ எரிந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். முட்டிக்கு அடியில் பையை வைத்து அதன் மேல் காலைப் போட வேண்டாம். காலின் பாரம் பையை அழுத்தும், பின்பக்கத் தோல் உங்கள் கண்ணில் படாது.

இனிதான் முக்கியமானது. ஒத்தடம் முடிந்ததும் அம்மாவைப் படுக்க விடாதீர்கள். தசை தளர்ந்து வலி குறைந்திருக்கும் அந்தச் சிறிது நேரம் பயிற்சிக்கு உரியது. கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை முட்டியால் கீழே அழுத்தச் சொல்லுங்கள். ஐந்து எண்ணும் வரை அழுத்தி விடவேண்டும். இப்படிப் பத்து முறை. தொடையின் முன்தசை கல் மாதிரி இறுகுவது உங்கள் உள்ளங்கைக்குத் தெரிய வேண்டும். இது பழகிய பிறகு, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு மற்றதை மடக்காமல் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இறக்கலாம். அதற்கும் பிறகு, உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரலாம். ஒத்தடத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பயிற்சியை விட்டவர்கள் மாதக்கணக்கில் அதே வலியோடு வருவதைப் பார்க்கிறேன். தொடைத் தசை வலுத்தால்தான் படி இறங்கும்போது முட்டியில் விழும் பாரம் குறையும்.

மந்தைவெளிப் பாட்டி

அம்பத்தூர் தம்பி அழகாக எழுதியிருக்கிறார். எனக்கு வயது 78. உப்பு ஒத்தடம் பற்றிக் கேட்டதால் எங்கள் வீட்டு முறையை எழுதுகிறேன்.

கல்லுப்பும் கோதுமைத் தவிடும் சம அளவு எடுத்துக்கொள்வேன். உப்பு மட்டும் இருந்தால் சூடு ஒரேயடியாகப் பாயும். தவிடு சேர்ந்தால் மெதுவாக, நெடுநேரம் நிற்கும். இரும்பு வாணலியைச் சிறு தீயில் வைத்து, உப்பு படபடவென்று வெடித்து அடங்கும் வரை வறுத்து, பிறகு தவிட்டைப் போட்டு வாசனை வரும் வரை பிரட்டுவேன். பழைய பருத்தி வேட்டித் துணியில் கொட்டி, குமிழாகப் பிடித்து நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். நைலான் துணியோ பாலியெஸ்டர் துணியோ ஆகாது, உருகி ஒட்டிக்கொள்ளும். கட்டியவுடனே முட்டியில் வைக்கக் கூடாது. முதலில் ஒத்தடம் கொடுப்பவர் தம் முன்கையின் உள்பக்கத்தில் ஒற்றிப் பார்க்க வேண்டும். அங்கே மூன்று நொடி வைத்திருக்க முடிந்தால்தான் வயதானவர்களின் தோல் தாங்கும். பிறகு ஒரே இடத்தில் வைத்து அழுத்தாமல், முட்டிச் சில்லின் மேல் படாமல், சுற்றிலும் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும்.

அடுப்படியில் நின்று வறுக்க முடியாதவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம் என்பது என் வேண்டுகோள். முழங்கால் வலியோடு சூடான வாணலியைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஆபத்து. வீட்டில் வேறொருவர் இருக்கும் நேரத்தில் செய்வதே நல்லது.

தரமணி வாசகர்

ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2003-இல் வெளியிட்ட திறனாய்வில், மூட்டுத் தேய்மானத்துக்கான சூட்டு, குளிர் ஒத்தடங்களைப் பற்றி மூன்று ஆய்வுகள்தாம் தேறின. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 179 பேர். ஐஸ் மசாஜ் முட்டியின் அசைவையும் தசை வலுவையும் கூட்டியதாகத் தெரிந்தது. சூட்டுப் பொதி வீக்கத்தைக் குறைக்கவில்லை. அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சூட்டு, குளிர்ச் சிகிச்சைகளை நிபந்தனையோடுதான் பரிந்துரைக்கிறது. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, கைத்தடி, முழங்காலில் தடவும் வலிநீக்கி ஜெல் ஆகியவற்றையே அது உறுதியாகப் பரிந்துரைக்கிறது.

சான்று இவ்வளவு மெலிதாக இருக்கும்போது, சர்க்கரை நோயுள்ள ஒருவருக்குத் தீக்காய ஆபத்தை ஏன் வரவழைக்க வேண்டும்? அந்த நேரத்தைப் பயிற்சிக்கே கொடுத்துவிடலாமே. எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. வீட்டில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

அம்பத்தூர் பிசியோ

தரமணி நண்பர் சொன்ன தகவல்கள் சரியானவை. அவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது எளிது. காலையில் முட்டி மடங்காமல் வலிக்கும் 74 வயதுப் பெண்மணி முதல் நாளே துண்டை அழுத்தும் பயிற்சியைச் செய்துவிட்டு, வலித்ததும் மறுநாள் கைவிடுகிறார். அதே பயிற்சியை ஒத்தடத்துக்குப் பின் செய்யும்போது வலி பொறுக்கும் அளவில் இருப்பதால் அடுத்த நாளும் செய்கிறார். சூடு நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியைத் தொடங்கவும் தொடரவும் அது கை கொடுக்கிறது. நான் ஒத்தடத்தைப் பரிந்துரைப்பது அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

வலி மாத்திரையை நினைத்தாலும் இது முக்கியமாகிறது. முதியவர்கள் வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்கினால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்பட்டுக்கொண்டிருக்கும். ஒத்தடத்தால் வாரத்தில் சில மாத்திரைகள் குறைந்தாலும் அது லாபமே. மருத்துவர் எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், வலி குறைந்திருப்பதைச் சொல்லி அவரையே குறைக்கச் சொல்லுங்கள்.

ஜெல் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜெல், பாம், தைலம் தடவிய தோலின் மேல் சூடு வைக்கவே கூடாது. மிளகாயின் காரப் பொருளைக் கொண்ட களிம்புகளில் இது மேலும் ஆபத்து. 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்கிற அதே நரம்பு வாயிலைத்தான் மிளகாய்க் காரமும் திறக்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். களிம்பின் எரிச்சல் எது, தோல் வெந்துபோகும் எரிச்சல் எது என்று நோயாளியால் பிரித்தறிய முடியாது. ஒத்தடம், பயிற்சி எல்லாம் முடிந்து தோல் ஆறிய பிறகு ஜெல்லைத் தடவுங்கள்.

பெரம்பூர் செவிலியர்

சர்க்கரை நோய் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக நம் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அதன்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள முதியவர்களில் சர்க்கரை இல்லாதவரைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு பாதவிரல்களில் தொடங்கி மெல்ல மேலேறும். பாதம் மரத்துப்போன பலருக்கு முட்டியில் உணர்ச்சி நன்றாகவே இருக்கும். அதனால் முட்டியில் வைத்த பை சுடுகிறதா என்று அவர்களால் சொல்ல முடியும். ஆனால் அந்தப் பை நழுவிக் கணுக்காலிலோ பாதத்திலோ போய் விழுந்தால் தெரியாது. எங்கள் வார்டில் ஓர் அம்மா இப்படித்தான் சேர்ந்தார். முட்டியில் கட்டிய சூட்டுப் பையோடு தூங்கிவிட்டார். பை சரிந்து குதிகாலருகே கிடந்திருக்கிறது. காலையில் மகன் கொப்புளத்தைப் பார்த்துச் சொல்லும் வரை அவருக்கு வலியே இல்லை. முட்டி வலிக்காகத் தொடங்கியது, பல வாரங்கள் காலில் கட்டோடு இருக்கும் நிலையில் போய் முடிந்தது.

தீக்காயத்துக்குக் கொதிக்கும் சூடு தேவையில்லை. 44 டிகிரி சூடு தோலில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் படிந்திருந்தாலே காயம் உண்டாகும். 60 டிகிரி என்றால் சில நொடிகளே போதும். ஆகவே அம்மாவுக்குக் கொடுக்கும்போது நீங்கள் அருகிலேயே இருங்கள், அவரைத் தூங்க விடாதீர்கள், கடிகாரத்தில் மணி வையுங்கள். அவருடைய 'பரவாயில்லை, தாங்குகிறது' என்ற சொல்லை நம்பாமல் உங்கள் முன்கையால் சூட்டைப் பாருங்கள். தொடங்குவதற்கு முன், சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடம் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தின் சில இடங்களைத் தொட்டுப் பார்ப்பார்கள்; சில நிமிட வேலைதான். முட்டி வரை மதமதப்பு ஏறியிருந்தால் சூட்டு ஒத்தடத்தை மறந்துவிட வேண்டும்.

கடையில் காட்டிய மின்சாரப் பையைச் சூடேற்றிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே காலில் வைக்க வேண்டும். பழைய பை உப்பினாலோ ஓரத்தில் ஈரம் தெரிந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் சூடு வைப்பவர்களின் தோலில் வலை பின்னியது போன்ற பழுப்புக் கோடுகள் தோன்றும். அதைப் பார்த்தால் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாம்பரம் சித்த மருத்துவர்

சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32. அவற்றுள் ஒற்றடமும் ஒன்று. முழங்கால் மூட்டுத் தேய்மானத்தை நாங்கள் அழல் கீல் வாயு என்கிறோம். நொச்சி, ஆமணக்கு ஆகியவற்றின் இலைகளை நறுக்கிச் சிறிது நல்லெண்ணெய் விட்டு வதக்கி, துணியில் பொதிந்து ஒற்றுவது வழக்கம். இலையின் ஈரத்தால் இச்சூடு உப்பின் வறண்ட சூட்டைக் காட்டிலும் மென்மையாக இருக்கும். ஆனால் ஈரச்சூடு தோலுக்குள் விரைவாகப் பாயும் என்பதால் முன்கையில் ஒற்றிப் பார்ப்பது இங்கும் கட்டாயம்.

எருக்கிலையைப் பறித்து வீட்டிலேயே பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டும். அதன் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. வயதானவர்களுக்கு அதை நாங்களே மேற்பார்வையில்தான் பயன்படுத்துவோம். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும், அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையிலும் புற நோயாளிகளாகச் சென்று காட்டலாம்.

மேற்கு மாம்பலம் மகள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தண்ணீர்க் கணக்கையும் நேரத்தையும் தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவிட்டேன். பாதப் பரிசோதனைக்கு அம்மாவை அழைத்துச் செல்கிறேன். அதுவரை பயிற்சி மட்டும். இன்னொரு கேள்வி உண்டு. மாடி இறங்கி வாரத்துக்குப் பல முறை பிசியோதெரபி மையத்துக்குப் போவது அம்மாவால் ஆகாது. வீட்டுக்கே வந்து பார்க்க அரசு ஏற்பாடு ஏதேனும் இருக்கிறதா?

பெரம்பூர் செவிலியர்

இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு வீட்டுக்கு வந்து பார்க்கும் பிசியோதெரபியும் அடங்கும். உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்து கேளுங்கள். முழுப் பரிசோதனை வேண்டுமானால் கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு 1978 முதலே இருக்கிறது. நாட்டிலேயே அதுதான் முதல் என்பதில் இந்த ஊர்க்காரியாக எனக்குப் பெருமை உண்டு.

வடபழனி ஓய்வூதியர்

இழை முழுவதையும் படித்தேன். எனக்கு வலது முட்டியில் செயற்கை மூட்டு பொருத்தியிருக்கிறார்கள். இடது முட்டி இயற்கையானது, அதிலும் இப்போது வலி. அருகிலுள்ள ஒரு மையத்தில் இரண்டு முட்டிக்கும் மின்சார இயந்திரத்தால் ஆழச்சூடு கொடுக்கலாம் என்கிறார்கள். உள்ளே உலோகம் இருப்பதைச் சொன்னேன். ஒன்றும் ஆகாது என்றார்கள். செய்துகொள்ளலாமா?

அம்பத்தூர் பிசியோ

ஐயா, வேண்டாம். அவர்கள் சொல்வது, மின்காந்த அலையால் உடலுக்குள் சூடேற்றும் ஷார்ட் வேவ் டயாதெர்மி என்றால், உலோகம் உள்ள இடத்தில் அதைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் படிப்பின் அடிப்படைப் பாடம். அந்த மின்காந்த அலை உலோகத்தைச் சுற்றிக் குவிந்து, உள்ளே இருக்கும் திசுவைச் சுட்டுவிடக்கூடும். மேலே தோலில் ஒன்றுமே தெரியாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அந்த இயந்திரம் ஓடும் அறையிலேயே இருக்கக் கூடாது. இடது முட்டிக்கும் உங்களுக்கு அந்த இயந்திரம் தேவையில்லை. வெந்நீர்ப் பையும் தொடைப் பயிற்சியும் போதும்.

அறுவைப் புண் முழுவதும் ஆறிய வலது முட்டியின் மேல், உங்கள் அறுவை மருத்துவர் சம்மதித்தால் மிதமான வெந்நீர்ப் பை வைக்கலாம். அந்தச் சூடு உலோகம் வரை இறங்காது. ஆனால் மூட்டு மாற்றிய பலருக்குத் தழும்பின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அளவு இடம் மரத்தே இருக்கும், ஏனெனில் அங்கே செல்லும் நரம்புக் கிளை அறுவையின்போது வெட்டுப்படுகிறது. பஞ்சால் வருடிப் பார்த்து, உணர்ச்சி இல்லாத இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மாற்றிய முட்டி புதிதாகச் சிவந்து, சூடாகி, வீங்கினாலோ, உடன் காய்ச்சல் வந்தாலோ, அது கிருமித் தொற்றாக இருக்கலாம். ஒத்தடமும் வேண்டாம், கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். அறுவை செய்த மருத்துவமனைக்கு அன்றைக்கே செல்லுங்கள். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, தொட்டால் வலித்தாலும் அப்படியே. அது இரத்தக் கட்டியாக இருக்க வாய்ப்புண்டு, அங்கே சூடு வைப்பதோ தேய்ப்பதோ கூடாது.